மூடியது அதற்கு எப்படித் தெரியும்?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது பழகியது இது. இரண்டு வரி எழுதுவேன், லெப்டொப்பை மூடிவிடுவேன். திரை அணையும், பற்றரி மிஞ்சும். திறந்தால் பாஸ்வேட் கேட்கும். மூடியது அதற்கு எப்படித் தெரிகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகொருநாள் திறந்தபடியே, எழுதிக்கொண்டிருக்கும்போதே அது உறங்கத் தொடங்கிற்று. கல்லடிப் பாலம் தாண்டி ரவுணில் ஒரு கடையில் காட்டினேன். மதர்போட் போய்விட்டது, மாற்றவேணும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. மணிக்கணக்காக ஒழுங்காக ஓடுகிற பொருள் சில நேரம் மட்டும் கண்ணை மூடுவதென்றால் அதற்கொரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

ஆரையம்பதியில் என் மாமா நாற்பது வருடம் ரேடியோ திருத்தியவர். "இதில என்ன புள்ள, பிரிட்ஜ் கதவில இருக்கிறது போல சுவிச்சு ஒண்டு இருக்கும். அது இறுகிக் கிடக்கும்" என்றார். பிடித்தால் விடமாட்டார். பின்னேரம் முழுக்க, கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக, பிணைச்சல் இடுக்கு, திரையின் விளிம்பு, விசைப்பலகையின் ஓரம் எல்லாம் ஊசிமுனையால் தடவினார். பழைய லெப்டொப்களில் அப்படியொரு சின்னப் பொத்தான் இருந்ததுண்டு. மாமா சொன்னது பிழையில்லை. ஆனால் என்னுடையதில் ஒரு துளைகூட இல்லை. "ஒளிச்சு வச்சிருக்கான்" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

கடைசியில் அடிப்பக்கத்தைக் கழற்றுவோம் என்றார். ஆணிகள் தொலையாமல் ஒட்டிவைக்க ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துவந்து, விசைப்பலகைக்குக் கீழே இடது கை படுகிற மூலையில் வைத்தார். திரை அணைந்தது. எடுத்தார், வெளிச்சம் வந்து பாஸ்வேட் கேட்டது. வைத்தார், அணைந்தது. ஆறேழு தரம் செய்துபார்த்தோம். அப்போதுதான் என் போன் உறை கண்ணில் பட்டது. அதன் மடிப்பு ஒட்டுவது காந்தத்தால். எழுதும்போது நான் அதை வைப்பதும் அதே மூலையில்தான்.

மூடியின் விளிம்பில் ஒரு காந்தம், கீழே அரிசியிலும் சின்னதாக ஓர் உணரி. காந்தம் கிட்ட வந்தால் மூடியாயிற்று என்று அது எடுத்துக்கொள்கிறது. அதன் பெயர் ஹோல் உணரி. யார் அந்த ஹோல் என்று தேடப்போய் 1879இல் நின்றேன். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹோல் என்ற 23 வயது மாணவர். காந்தம் கம்பியைத்தான் தள்ளும், அதற்குள் ஓடும் மின்னோட்டத்தை அல்ல என்று மேக்ஸ்வெல் எழுதியிருந்தார். ஹோலுக்கு அது சரியாகப் படவில்லை. கண்ணாடியில் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி, மின்னோட்டம் விட்டு, காந்தத்துக்கு நடுவே வைத்தார். தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் பிறந்தது. எலெக்ட்ரோனைக் கண்டுபிடிக்க இன்னும் 18 வருடம் கிடந்தது.

தங்கத் தகடு என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஐயா, என் அம்மப்பா, பொன்வேலை செய்தவர். "கண்ணாடியில ஒட்டுற மெல்லிசா? ஊதினாப் பறக்குமே புள்ள. அந்தத் தகட்ட அடிச்சது ஆரு?" என்றார். அன்றிரவு முழுக்க அம்மப்பாவின் சுத்தியலைப் பற்றித்தான் பேசினோம்.

உங்கள் லெப்டொப்பும் காரணமில்லாமல் உறங்கினால், மதர்போட்டுக்குக் காசு எண்ணுமுன் பக்கத்தில் கிடக்கும் போன் உறையையும் இயர்போன் பெட்டியையும் தள்ளிவைத்துப் பாருங்கள். மூடித் திறந்ததும் பாஸ்வேட் கேட்கிறதா என்றும் பாருங்கள். ஏனென்றால் லெப்டொப் உறங்கினாலும், நீங்கள் திறந்துவைத்த அத்தனையும் அதன் நினைவகத்தில் விழித்தபடியே இருக்கும்.