சித்ரா தியேட்டரிலிருந்து கண்ணகி நகர் வரை

புதுப்பேட்டையில், கூவத்தை ஒட்டி இருந்த சித்ரா தியேட்டரின் பெயர் இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சிவாஜி ரசிகர்களில் மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1957-இல் ‘வணங்காமுடி’ வெளியானபோது, மோகன் ஆர்ட்ஸ் தயாரித்த சிவாஜியின் ராட்சத கட்அவுட் அங்கேதான் நின்றது. படத்தை விட்டுவிட்டு அதைப் பார்ப்பதற்கென்றே ஜனம் வந்ததாகச் சொல்வார்கள். சென்னையின் தெருவில் ஒரு முகம் எவ்வளவு பெரிதாக நிற்கலாம் என்பதற்கு அளவுகோல் வைத்த படம் அது.

அங்கிருந்துதான் நடக்கத் தொடங்கினோம். கூட வந்தவர் பேனர் ஆர்ட்டிஸ்ட்டாக இருந்து, சுவர் எழுத்துக்கு மாறி, இப்போது வண்டி நம்பர் பிளேட்டும் கடைப் பலகையும் எழுதுகிறவர். அறுபதைத் தாண்டிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “பேரப் போட்டா பழைய பாக்கிக்காரன் எல்லாம் வந்து நிப்பான் சார்” என்பது அவர் சொன்ன காரணம். பெயிண்டர் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

பிளாக்கர்ஸ் ரோடு வழியாக கேஸினோவைக் கடந்து அண்ணா சாலைக்கு வந்தோம். எனக்குக் கட்டடங்கள் தெரிந்தன. அவருக்கு அவற்றின் மேல் ஒருகாலத்தில் நின்ற முகங்கள் தெரிந்தன. தேவி தியேட்டர் அருகில் நின்று எந்தப் படத்துக்கு எத்தனை துண்டு பேனர், எந்தக் கதாநாயகியின் மூக்கு சரியாக வரவில்லை என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பினார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். 2016-இல் மூடப்பட்ட சாந்தி தியேட்டர் பக்கம் வந்தபோது மட்டும் பேச்சு கொஞ்சம் குறைந்தது.

பன்னிரண்டு வயதில் ராயப்பேட்டையில் ஒரு பேனர் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். முதல் வேலை வரைவதல்ல. மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்து ஆணி அடிக்க வேண்டும். வஜ்ஜிரம் காய்ச்சி அதில் வெள்ளைப் பொடியைக் கலந்து துணிக்குப் பூச வேண்டும். பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைக்க வேண்டும். இதில் சில வருஷம் கழிந்த பிறகு கட்டம் போட விட்டார்களாம். ஸ்டில் போட்டோவில் சின்னச் சின்னக் கட்டம், துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். போட்டோவின் எந்தக் கட்டத்தில் புருவம் முடிகிறதோ, துணியிலும் அந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். பேனர் ஒரே துணியாக இருக்காது. தனித்தனிச் சட்டங்களில் வரைந்து, மேலே ஏற்றித்தான் சேர்ப்பார்கள். ஒரு கண் ஒரு சட்டத்திலும் மற்றது இன்னொன்றிலும் போய்விடும். இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பது சாரத்தில் ஏற்றி நிறுத்திய பிறகுதான் தெரியும்.

அடுத்த படி, உடையும் பின்னணியும். எழுத்துக்கு வேறு ஆள். “முகத்துல மட்டும் கை வெக்க வுடமாட்டாங்க. முகம் மாஸ்டருக்கு. அவரு சாயங்காலமா வருவாரு, டீ குடிப்பாரு, ஒரு மணி நேரத்துல உசிரக் குடுத்துட்டுப் போயிடுவாரு.” அந்த முகங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கன்னத்தில் அப்பிய ரோஸ், தாடைக்குக் கீழே பச்சை, நெற்றியோரம் நீலம். ஒன்றும் விளங்காது. சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்றால்தான் தோல் தோலாகும். பச்சையில் நிழல் வைக்காவிட்டால் இரவு விளக்கில் முகம் செத்துவிடும் என்றார் அண்ணன். பஸ்ஸில் போகிறவனுக்கு மூன்று விநாடியில் ஆள் யாரென்று தெரிந்தாக வேண்டும். அதற்கேற்ப உருவான இலக்கணம் இது. எம்.எஃப். ஹுசேன் மும்பையில் சினிமா விளம்பரப் படங்கள் வரைந்துதான் தொடங்கினார் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். தொடங்கிய இடத்திலேயே வாழ்நாள் முழுதும் வேலை பார்த்தவர்களை ஓவியர்கள் என்று அழைக்க ஏனோ நமக்கு நா எழுவதில்லை.

முகத்தின் அளவு அரசியலுக்கும் பழகிப்போனது. தொண்ணூறுகளில் தலைவர்களின் கட்அவுட்டுகள் சினிமாவை மிஞ்சி நின்றன. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரே இரவில் அச்சடித்துத் தருகிற இயந்திரத்தின் முன்னால் வஜ்ஜிரம் காய்ச்சும் தொழில் நிற்க முடியவில்லை. 2008-இல் நீதிமன்ற உத்தரவால் நகரத்தின் பெரிய ஹோர்டிங்குகள் இறங்கின. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையில் வைத்திருந்த பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் போன இளம்பெண் இறந்தார். அதன்பின் கட்சிகள் பேனர் வைக்கமாட்டோம் என்று அறிவித்ததும், பிறகு நடந்ததும் எல்லோருக்கும் தெரியும்.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2009-10 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுத்து, வேலையிழந்த பேனர் ஓவியர்களைக் கொண்டு தமிழர் பண்பாட்டுக் காட்சிகளை வரையவைத்தது. ஜல்லிக்கட்டு, கோயில், நடனம் என்று எதிர்பார்க்கக்கூடிய படங்கள்தாம். கலையாக எனக்கு அவை அவ்வளவு உவப்பில்லை. ஆனால் தெருவுக்குத் திரும்பிவந்த கைகள் சரியான கைகள். அந்த உத்தி தொடர்ந்திருக்க வேண்டும்.

மணிக்கூண்டைத் தாண்டி ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இறங்கியதும், நடை எழுத்து பார்க்கும் நடையாக மாறியது. சந்துகளுக்குள் இன்னும் கையால் எழுதிய பலகைகள் இருக்கின்றன. ஓர் இஸ்திரிக் கடை, ஒரு மாவு மில், ஒரு வாடகைப் பாத்திரக் கடை. மாவு மில் பலகையில் ‘லை’ பழைய தும்பிக்கை வடிவில் இருந்தது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததற்கு முந்தைய பலகையா, அல்லது கை பழக்கத்தை விடாத யாரோ பின்னால் எழுதியதா என்று கேட்டேன். அண்ணன் பலகையைப் பார்க்காமல் பெயிண்ட்டைப் பார்த்தார். “பின்னாடி எழுதுனது. கொம்பு ஆளு வயசக் காட்டுது, பெயிண்ட்டு பலக வயசக் காட்டுது.”

தமிழ் எழுதுவதில் உள்ள சிக்கலை அவர் விளக்கியது எந்த எழுத்துக்கலை வகுப்பிலும் எனக்குக் கிடைக்காதது. இங்கிலீஷில் எழுத்துகளை எண்ணி இடத்தைப் பிரித்தால் கணக்கு ஏறத்தாழ ஒத்துவரும். தமிழில் ‘கொ’ ஓர் எழுத்துதான். ஆனால் மூன்று எழுத்தின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ‘ர’ ஒல்லி, ‘ண’ தடி. மேலே புள்ளிக்கும் விசிறிக்கும், கீழே ‘கு’, ‘ழு’ வளைவுகளுக்கும் இடம் விட வேண்டும். அதனால் முதலில் சுண்ணாம்புக் கட்டியால் வார்த்தையை எழுதிப் பார்த்து, நடு எழுத்தைப் பிடித்து, அங்கிருந்து இரு பக்கமும் நகர்வார்களாம். நூலைச் சாயத்தில் நனைத்து, இரு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். மேல்கோடு, கீழ்கோடு இரண்டும் அப்படித்தான். சுவர் கோணலாக இருந்தால் சுவரையா பூமியையா, எதை நம்புவது என்று அந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டும். சுவரை நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி. பூமியை நம்பினால் எழுத்து நேராக இருக்கும், வீடு கோணலாகத் தெரியும், வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

கட்சிச் சுவர்கள் பற்றிய கதைகளைத் தனியாகவே எழுதலாம். தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி ‘முன்பதிவு’ செய்துவிடுவார்கள். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் இருக்கிறது. தேர்தல் காலத்தில் நகரத்துக்குள் சுவர் எழுதத் தேர்தல் ஆணையத்தின் தடையும் உண்டு. எனவே அண்ணனும் கூட்டாளிகளும் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்விடுவார்கள். அங்கே வீட்டுக்காரர் சம்மதம் இருந்தால் எழுதலாம். பகலில் ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. “சின்னத்துல தப்பு வந்துடக் கூடாது, அவ்ளோதான். மத்ததெல்லாம் அவங்க பாடு.”

லஸ்ஸை அடைந்து, திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினோம். இந்த ரயில் பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே ஓடுகிறது. 1877-78 பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூலிக்கு வந்தவர்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பகுதி இது. அன்றைய ஆளுநர் பெயரை வைத்தார்கள். படகு போன கால்வாய் பிற்காலத்தில் சாக்கடையாயிற்று. அதன் கரையில் நகரத்துக்கு உழைத்தவர்கள் குடிசை போட்டார்கள். ரயிலுக்கும் சாலைக்கும் கால்வாய்ச் சீரமைப்புக்கும் இடம் தேவைப்பட்டபோதெல்லாம் குடிசைகள் போயின. இந்திரா நகர் நிலையத்தில் இறங்கினால் சுவர் நிறையப் பெரிய பெரிய முகங்கள். எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வுக்காக 2021-இல் ஏ-கில், கத்ரா என்ற இரு ஓவியர்கள் வரைந்தவை. நடிகர் இல்லை, தலைவர் இல்லை. ரயிலிலிருந்து இறங்கி வருகிற மாதிரியான ஆட்கள்.

கால்வாய்க்கரையிலிருந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குப் பதில் ராஜீவ் காந்தி சாலையில், துரைப்பாக்கத்தில் இருக்கிறது. 2000 வாக்கில் தொடங்கப்பட்ட கண்ணகி நகர், மயிலாப்பூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது என்பதே பெரும்பாலும் நடைமுறை. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்று அந்தக் குடியிருப்புச் சுவர்களில் எழுதியதும் அண்ணனைப் போன்ற கைகள்தாம். பிறகு இருந்த இடம் விலை ஏறிவிட்டது. ஏழை ஊருக்கு வெளியே போனார். வாரியத்தின் பெயரும் 2021-இல் மாறியது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது, போலீஸ் ஒரு மாதிரி பார்க்கும் என்பது இங்கே வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் சொல்வது.

2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயிண்ட்ஸ், மாநகராட்சி மூன்றும் சேர்ந்து இந்தக் குடியிருப்பின் பக்கச் சுவர்களில் ஓவியங்கள் வரையவைத்தன. டெல்லி லோதி காலனியில் இதே அறக்கட்டளை முன்பே செய்த காரியம்தான். ஏ-கில் வரைந்த இரண்டு சிறுமிகளின் முகம் சுவரின் உயரத்துக்கு நிற்கிறது. இங்கேயே வாழ்கிற பிள்ளைகள் அவர்கள். அண்ணன் எதிர்ச்சுவரில் முதுகு சாயும்வரை பின்னால் போனார். வெகுநேரம் பார்த்தார். “கண்ணுல வெள்ளப் புள்ளி எங்க வெக்கணுமோ அங்க வெச்சிருக்கான். பிரஷ்ஷா, ஸ்பிரேயா?” இரண்டும் இருக்கலாம் என்றேன். “கட்டம் போட்டிருப்பான். கட்டம் இல்லாம இந்த சைஸு வராது” என்று முடித்துவிட்டார். அவருடைய தொழில் வேறு யாரிடமோ பிழைத்திருக்கிறது என்பதில் அவருக்கு மகிழ்ச்சியா வருத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரை இந்த வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

அந்தச் சுவர் நிழலில் குடங்களோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் கிரீன்வேஸ் ரோடு பக்கத்திலிருந்து வந்தவர். இன்றும் விடிகாலைப் பேருந்தில் மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். “படம் நல்லாத்தான் கீது தம்பி. வெள்ளக்காரங்க எல்லாம் வந்து போட்டோ புடிச்சாங்க. உள்ள மாடிப்படில லைட்டு எரியல, அத ஒருத்தரும் புடிக்கல.” பெயிண்டர் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஓவியங்களைக் குறைசொல்ல நான் தயாராக இல்லை. சென்னையில் பெரிய முகம் என்பது நடிகருக்கும் முதலமைச்சருக்கும் மட்டுமான உரிமையாக இருந்தது. அது குடிபெயர்க்கப்பட்ட ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு வந்திருப்பது சின்ன மாற்றமல்ல. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தார். அப்போது ஊரின் பெயரைச் சொல்ல யாரும் கூசவில்லை. ஆனால் சுவரின் வெளிப்பக்கத்துக்குச் செலவாகும் பணத்தோடு உள்பக்கத்துக்கும் ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். மாடிப்படியில் விளக்கு எரியாத வீட்டின் மேல் எவ்வளவு நல்ல படம் வரைந்தாலும், அது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான படம்தான். அடுத்த சுவருக்குத் திட்டம் போடுகிறவர்கள் ராயப்பேட்டைச் சந்துகளில் மிச்சமிருக்கும் பேனர் கைகளையும் அழைக்கட்டும்; கட்டமும் நூலும் அவர்களிடமிருந்து கண்ணகி நகர்ப் பிள்ளைகளுக்குப் போகட்டும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. கடை திறக்கப்போகிறவர்கள் ஃபிளெக்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், பக்கத்துத் தெருவில் கையால் எழுதிய பலகை ஒன்றைத் தேடுங்கள். அதன் கீழ் மூலையில் ஏதாவதொரு ‘ஆர்ட்ஸ்’ பெயரும் ஒரு போன் நம்பரும் இருக்கும். கூப்பிட்டுப் பேசுங்கள்.