நீர்கொழும்பு மீன்சந்தையில் ஒரு காலை

கொம்பனித்தெருவில் எங்கள் ஒழுங்கைக்கு மீன்காரர் வர ஒன்பது மணியாகிவிடும். பெட்டியில் ஐஸ் கரைந்து வழியும். நான் வாங்குவதைப் பார்த்துப் பக்கத்து அறை அக்கா முகம் சுளிப்பார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். 2004 டிசம்பர் 26இல் இரண்டு பிள்ளைகளை இழந்தபின் மீன் உண்பதில்லை. கடல் கொண்டுபோனவர்களை மீன் தின்றிருக்கும் என்ற பயம் அன்று நாடெங்கும் இருந்தது. மற்றவர்களுக்குத் தெளிந்துவிட்டது, அவருக்குத் தெளியவில்லை.

"நல்ல மீன் எப்பிடி இருக்குமெண்டு காட்டுறன், வா" என்று ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

விடியமுதல் ரயிலேறிக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து புத்தளம் பாதையில் நீர்கொழும்பு. ஏறக்குறைய 37 கிலோமீற்றர். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். தொழிலாளர் பெரும்பாலும் கத்தோலிக்கர், அன்று சந்தை வெறிச்சோடிக் கிடக்கும்.

பழைய ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது 'லெல்லம' என்னும் மீன்சந்தை. வள்ளத்தால் இறக்கிய சூரை, பாரை, களப்பு இறால், நண்டு. 'தோரா' என்று கூவி விற்றதைப் பார்த்து, "இது எங்கட அறுக்குளாவல்லோ!" என்றார் அக்கா. கண் மங்கியிருந்தால் விட்டுவிட வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக்கூடாது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தக் கை மீனைத் தொட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கரையில் தும்புப் பாய்களில் கருவாடு காய்ந்தது. வெயிலில் குனிந்து மீனைப் புரட்டுபவர்களில் பலர் பெண்கள். அந்தக் கரைக் குடும்பங்கள் சிலவற்றில் தமிழ் இன்னும் உண்டு. ஒரு வயதான அம்மா எங்களோடு பேசினார். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் கொரோனா பரவியதும் மீனை வாங்க ஆளில்லை. பயத்தைப் போக்க முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். "அவர் கடிச்சார், சனம் வாங்கேல்ல" என்று சிரித்தார் அம்மா. 2021 மே 20இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. வள்ளங்களைக் கடலுக்குப் போகவிடவில்லை.

"சுனாமிக்குப் பிறகு?" என்று அக்கா கேட்டார்.

"அப்பவும் இப்பிடித்தான் பிள்ளை. பிடிச்ச மீனைப் புதைச்சனாங்கள். வீட்டில அடுப்பெரியேல்ல."

அக்கா வெகுநேரம் அந்தப் பாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுக்குளா எங்கள் கைக்கு எட்டாத விலை. அரைக் கிலோ சூடையும் நாலு நண்டும் வாங்கினோம். சமைத்தது அக்காதான். நண்டுக்கு முருங்கையிலை போட்டு, புளி அளவாக விட்டு. ஒழுங்கை முழுக்க மணந்தது. எனக்குப் போட்டுத் தந்துவிட்டுத் தன் சோற்றில் குழம்பு மட்டும் விட்டுக்கொண்டார். நண்டைத் தொடவில்லை.

"அடுத்த முறை அந்த அம்மாவிட்டை ஒரு கிலோ கருவாடு வாங்கவேணும்" என்றார்.