ஆறு ஞாயிறு, மூன்று படகு

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரைக் கிராமம். ஆறு வருடம் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார் அந்த இளைஞர். கையில் கொஞ்சம் சேமிப்பு. அடகு வைக்க மனைவி எடுத்துக் கொடுத்த நகை ஆறு பவுன். இனி அடுத்தவர் படகில் பங்குக்குப் போவதில்லை, சொந்தப் படகுதான் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எந்தப் படகு என்பதில்தான் தகராறு.

ஊரில் எல்லோரிடமும் இருப்பது ஃபைபர் வள்ளம். பின்னால் உட்கார்ந்து இன்ஜின் கைப்பிடியைத் திருப்பி ஓட்டுவது. பஹ்ரைனில் அவர் பழகியது வேறு. படகின் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை. அதில் கார் மாதிரி ஸ்டீயரிங், பக்கத்தில் ஜி.பி.எஸ். சுற்றி நாலு பக்கமும் நடக்கலாம். சென்டர் கன்சோல் என்பார்கள். நின்றபடி ஓட்டுவதால் வருகிற அலை தெரியும். பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர் தூக்கியடிக்கப்படும்போது நடு சீட்டில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார் அல்லவா, அதே கணக்குதான் இங்கேயும்.

“வலையை எங்க போடுவ மக்ளே, அந்த ஸ்டீயரிங் தலையிலயா?” என்றார் சித்தப்பா.

நியாயமான கேள்வி. வலை இழுப்பவர்களுக்கு நடுவில் நிற்கும் மேடை பெரிய இடைஞ்சல். ஆனால், இவர் போக நினைத்தது தூண்டிலுக்கு. கணவாய், சூரை, நெய்மீன். தூண்டில்காரருக்கு நாலு பக்கமும் திறந்த படகு வசதி. சித்தப்பா கொஞ்சம் யோசித்து, “சரி, பாப்போம்” என்றார். புதிதாகச் செய்யப் பணம் போதாது. பழையதைத்தான் தேட வேண்டும்.

சித்தப்பா 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர். அவர் போன வள்ளம் கவிழ்ந்தது. ஆனால், முழுகவில்லை. தட்டுக்கு அடியில் அடைத்திருந்த ஃபோம் அதை மிதக்க வைத்தது. ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கூடப் போன இருவரில் ஒருவர் கரைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படகைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: “கவுந்தா மிதக்குமா?”

ஞாயிற்றுக்கிழமை ஊரில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறிவிடுவார்கள்.

முதல் படகு கொல்லத்தில். அஷ்டமுடிக் காயலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் கம்பி, மெத்தை சீட், பாட்டுப் பெட்டி எல்லாம் உண்டு. போட்டோவைப் பார்த்தே இளைஞருக்கு மனசு போய்விட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் பாக்கெட்டில் கைகூட வைத்துவிட்டார். சித்தப்பா பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி தட்டை. காயல் தண்ணீரில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். கடலில் ஒவ்வொரு அலைக்கும் மேலேறி ‘டொம்’ என்று விழும். விழ விழ முதலில் போவது இடுப்பு, பிறகு படகு. கொந்தளிக்கும் கடலுக்கு அடிப்பாகம் கத்தி மாதிரி ‘வி’ வடிவில் இறங்கியிருக்க வேண்டும். அதுவும் முன்னால் மட்டும் இருந்தால் போதாது, பின்பக்கம் வரை கொஞ்சமாவது தொடர வேண்டும். அதற்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், நின்றால் பக்கவாட்டில் ஆடவும் செய்யும். ஆனால், அலையை அறுத்துக்கொண்டு போகும்.

திரும்பும் வழியெல்லாம் இளைஞர் பேசவில்லை.

இரண்டு ஞாயிறு வீணாகப் போனபின் கொச்சிப் பக்கம் ஒன்று கிடைத்தது. ‘வி’ அடி, நல்ல நீளம், புது பெயின்ட். வெளியே பெயின்ட் அடிப்பது சரி, தட்டுக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்தில் எதற்குப் புது பெயின்ட்? சித்தப்பா ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகு முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல ஃபைபர் ‘டங் டங்’ என்று கேட்கும். இன்ஜின் மாட்டும் பின்பலகை வந்ததும் சத்தம் செத்துப்போனது.

பழைய படகுகளில் அந்தப் பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான் இருக்கும். போல்ட் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே ஊறின ரொட்டி. இன்ஜினைப் பாதி தூக்கி, அதன் கீழ்ப்பகுதியில் இளைஞரை ஏறி நிற்கச் சொன்னார். பலகை கண்ணுக்குத் தெரியவே வளைந்தது. நடுக்கடலில் அது பிய்ந்தால் இன்ஜினும் போகும், பின்பக்கச் சுவரும் போகும்.

“சின்ன வேலைதான், சரி பண்ணிடலாம்” என்றார் விற்பவர். சின்ன வேலையென்றால் விற்பதற்கு முன்னால் அவரே செய்திருக்கலாமே!

மூன்றாவது, விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பில் கிடந்தது. பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்க யாரோ வாங்கி, அலுத்துப்போய் விட்டுவிட்ட படகு. 24 அடி. வெயிலில் நிறம் போய், மேலே தென்னம்பாளை விழுந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. இன்ஜின் கிட்டத்தட்டச் செத்துவிட்டது. கியர் ஆயிலைத் திறந்தால் பால் கலந்த காப்பி நிறம். அதாவது உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆனால், நாணயம் அணியத்திலிருந்து பின்பலகை வரை ஒரே சத்தம் சொன்னது. “இன்ஜின் வேற வாங்கலாம் மக்ளே. உடம்பை மாத்த முடியாது” என்றார் சித்தப்பா.

சோதனையை அதிகாலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் விற்பவர். காலையில் குளம்கூடக் கடல் மாதிரி இருக்கும், கடல் குளம் மாதிரி இருக்கும். சித்தப்பா மத்தியானம் மூன்று மணி என்றார், அதுவும் ஆடிக்காற்றில். தெரிந்தவரிடம் அதே கம்பெனி இன்ஜின் ஒன்று, 40 குதிரைசக்தி, இரவல் வாங்கி மாட்டினார்கள்.

முதலில் தண்ணீரில் இறக்கி, பழைய நீர்க்கறைக்கு மேலே தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறினால் அடியில் உள்ள ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை. பிறகு ஐந்து பேரைப் பின்பக்கம் நிற்கவைத்து, தட்டில் பத்து வாளி தண்ணீர் ஊற்றினார். அலை உள்ளே அடித்தால் தண்ணீர் ஓட்டை வழியாகத் தானே வெளியேற வேண்டும். அந்த ஓட்டை வழியே கடல் உள்ளே வரக் கூடாது. வரவில்லை.

வெளியே போகும்போது எந்தப் படகும் ஓரளவு சமாளிக்கும். அலை முதுகில் வரும்போதுதான் குணம் தெரியும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணல் மேடிட்டு அலை எழும்பி, படகு கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. இந்தப் படகை அவர்கள் கட்டப்போவது அங்கேதான். வள்ளம் மாதிரி இதை மணலில் இழுத்துப் போட முடியாது. அதனால் நாலு தடவை அலையை முதுகில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அலை தள்ளும்போது மூக்கு புதையாமல் எழும்பியது. ஒருமுறை பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது, கொஞ்சம் வேகம் கொடுத்ததும் நேரானது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பீடி பற்றவைத்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பணம் கொடுக்கும் நாளில் மனைவியும் வந்தார். ஆறு பவுன் எதுவாக மாறப்போகிறது என்று பார்க்க வேண்டுமே! சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“தண்ணியில விழுந்தா இதுல எப்படி ஏறுவீங்க?”

ஆறு ஞாயிறு அலைந்த இருவரிடமும் பதில் இல்லை. இளைஞர் சட்டையோடு குதித்துப் பார்த்தார். விளிம்பு கைக்கு எட்டியது. உடம்பை மேலே இழுக்க முடியவில்லை. மூன்றாவது முயற்சியில் மூச்சு வாங்க, சித்தப்பா அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கியவர் வெகுநேரம் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விலையில் பத்தாயிரம் குறைத்து, அந்தப் பணத்தில் பின்பக்கம் ஒரு எவர்சில்வர் ஏணி வைத்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்தே கையால் இழுத்து இறக்கும்படி. பெயர் மாற்றம், பதிவு, லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ் என்று இன்னும் இரண்டு மாதம் ஓடியது. முன்னால் இருந்த மெத்தை சீட்டுகளைக் கழற்றி, மீன் பெட்டிக்கு இடம் செய்தார்கள். அந்த சீட்டுகள் இப்போது வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. சாயங்காலம் ஒன்றில் சித்தப்பா உட்கார்ந்து தூண்டில் முடிகிறார். இன்னொன்று நகைக்காரருக்கு; அடகை மீட்கும் தேதியைக் கணவருக்கு அவர் ஞாபகப்படுத்துவது அதில் உட்கார்ந்துதான்.