சூப்பர் மச்சான்

என் மச்சான் சிரித்து நான் பார்த்தது மொத்தம் மூன்றே தடவை. ஒன்று, அக்கா கல்யாண ஆல்பத்தில் (போட்டோகிராபர் மிரட்டியிருக்க வேண்டும்). இரண்டாவது, சம்பளக் கமிஷன் அரியர்ஸ் வந்த அன்று. மூன்றாவதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

மச்சானுக்குச் சிதம்பரத்தில் அரசாங்க உத்தியோகம். நிலம் சம்பந்தப்பட்ட ஆபீஸ். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் படிப்பார். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. ஆனால் கையெழுத்து மட்டும் சுலபத்தில் விழாது.

அவருக்கு ஒரே மகள். அப்போது எட்டாம் வகுப்பு. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள், பாப்பா என்றே இருக்கட்டும். பாப்பாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தெருவில் எது உருண்டாலும் உதைப்பாள். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல் தடவையாகச் சாம்பியன் ஆனார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை ஜெயிப்பது என்பது சிதம்பரத்துக்காரர்களுக்கே கொத்சு வைக்கச் சொல்லிக் கொடுப்பது மாதிரி! அந்த டீமில் ஆடிய இந்துமதி கடலூர்ப் பெண். (பிறகு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகி, 2020 ஊரடங்கில் சென்னையில் டியூட்டி பார்த்தாரே, அவரேதான்.) பேப்பரில் வந்த படத்தை வெட்டி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டாள் பாப்பா. மச்சான் வேட்டி எடுக்கும்போதெல்லாம் இந்துமதி முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

கடலூருக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒரு பந்தம் உண்டு. 2004 சுனாமியில் அப்பா அம்மாவை இழந்த பெண் பிள்ளைகள் இங்கே பந்து உதைக்கக் கற்றுக்கொண்டு, மாநில அணி வரைக்கும் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் தங்கிப் பயிற்சி எடுக்கப் பாப்பாவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. படிவம் வந்தது. எல்லாம் பூர்த்தி செய்தாயிற்று. 'தந்தை கையொப்பம்' என்ற இடம் மட்டும் காலி. கடைசித் தேதி மார்ச் 16, வெள்ளிக்கிழமை.

"பொம்பளப் புள்ளைக்கு என்ன மாப்ளே ஃபுட்பாலு? வெயில்ல கறுத்துப் போகும். கால் ஒடிஞ்சா யாரு பொறுப்பு?" என்றார் மச்சான். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாததால் சந்தேகம் இன்னும் அதிகமாகிவிட்டது.

அக்கா எனக்குப் போன் போட்டாள். "டேய், நீ ஏதாவது பண்ணேன்டா. எழுதறேன் எழுதறேன்னு வீட்டுல சும்மாத்தானே இருக்கே!" ('ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன்' என்பதற்கு எங்கள் வீட்டில் இதுதான் தமிழாக்கம்.)

நல்ல வேளை, மார்ச் 13, செவ்வாய்க்கிழமை மச்சானுக்குச் சென்னையில் ஆபீஸ் வேலை இருந்தது. மூன்று வருஷமாகத் தூங்கும் அவருடைய இன்கிரிமென்ட் ஃபைலை எழுப்பப் போகிறார். அன்று ராத்திரிதான் நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.க்கும் கோவாவுக்கும் அரையிறுதி. மூன்று டிக்கெட் வாங்கிவிட்டேன். "வீணாப் போயிடும் மச்சான், காசு குடுத்தாச்சு" என்றேன். அரசாங்க ஊழியரை வீழ்த்த இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

விடியற்காலை சிதம்பரத்தில் அவர்கள் ஏறிய பஸ்ஸில் நான் கடலூரில் தொற்றிக்கொண்டேன். அண்ணா நகர் பக்கம் அந்த ஆபீஸ். ஃபைலைப் பார்க்கிற அதிகாரி அன்று லீவு. மச்சான் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி, நேரு பார்க்கில் இறங்கினோம். நேரு ஸ்டேடியம் நேரு பார்க்கில்தானே இருக்கும்? இருக்காது சார்! அப்போது மெட்ரோ சென்ட்ரல் வரை வரவில்லை. வெளியே வந்து பார்த்தால் ஸ்டேடியத்தைக் காணோம். ஆட்டோ பிடித்தோம். "மாப்ளே, வழியே ஒழுங்காத் தெரியல, நீ எனக்கு வாழ்க்கைக்கு வழி சொல்ல வந்துட்ட" என்றார் மச்சான். பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால் மீட்டரைப் பார்த்தேன்.

கேட்டில் அடுத்த சோதனை. அக்கா கட்டிக் கொடுத்த சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் தூக்கில் இருந்தது. வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம். "ரூலைக் காட்டு" என்றார் மச்சான். அந்தப் பையன் போர்டையே காட்டிவிட்டான். ரூல் என்று எழுதியிருந்தால் மச்சான் மறுபேச்சுப் பேச மாட்டார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மூவரும் காலி செய்தோம்.

படியேறி மேலே போனதும் பாப்பா அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் ஆடுவது செம்மண்ணில். விழுந்தால் முட்டி கிழியும். நெருஞ்சி முள்ளைப் பொறுக்கிவிட்டுத்தான் ஆட்டத்தையே ஆரம்பிப்பார்கள். இங்கே விளக்கு வெளிச்சத்தில் ஒரு பச்சை, நாற்றங்கால் மாதிரி. டி.வி. பெட்டிக்குள் உள்ளங்கை அகலம் தெரிந்த மைதானம், எதிரே விரிந்து கிடக்கிறது.

"இதை முழுசா ஓடணுமா மாமா?" ரகசியம் மாதிரி கேட்டாள்.

"நூத்தி அஞ்சு மீட்டர் நீளம், அறுபத்தெட்டு அகலம்" என்றேன்.

மச்சான் மனசுக்குள் பெருக்கினார். "ஒண்ணே முக்கா ஏக்கர். மெட்ராஸ்ல, சென்ட்ரல் பக்கத்துல! என்ன மாப்ளே விலை போகும்?"

1993-ல் எழுந்த ஸ்டேடியம் இது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்ததும் இங்கேதான். நம் சீட்டுக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப் பாதை ஒன்று அகழி மாதிரி ஓடும். கோல் போடுபவர் யார் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் கண்ணைச் சுருக்க வேண்டும். ஆனால் சத்தத்துக்கு அகழி கிடையாதே! நீலச் சட்டைக்காரர்கள் மேளத்தோடு நின்றுகொண்டே இருக்கிறார்கள். உட்காரவே மாட்டார்களாம். "யாரு இவனுங்க?" என்றார் மச்சான்.

"ரசிகர் கூட்டம். பேரு சூப்பர் மச்சான்ஸ்."

என்னை முறைத்தார். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு பையன் முதுகில் எழுதியிருந்ததைக் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று.

கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. அது ஓபனிங் பேலன்ஸ், இன்றைய கணக்கோடு சேர்த்துக் கூட்டுவார்கள் என்று விளக்கினேன். பி.காம். படிப்பு முதல் தடவையாக உபயோகப்பட்டது. 26-வது நிமிஷம் ஜேஜே கோல். அந்த நேரம் பார்த்து மச்சான் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது ஸ்டேடியமே நிற்கிறது. "என்னாச்சு, என்னாச்சு?"

மூன்றே நிமிஷம். ஒரு பந்து உயரமாக வந்தது. தனபால் கணேஷ் எழும்பித் தலையால் இடித்தார். வலை அசைந்தது! இதை மச்சான் முழுசாகப் பார்த்துவிட்டார். பார்த்ததோடு போகவில்லை. பக்கத்து சீட்டுக்காரர், காக்கிச் சட்டைக்கு மேல் நீல ஜெர்ஸி மாட்டிய ஆட்டோ டிரைவர், மச்சானை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஏரியா புள்ள சார்! வியாசர்பாடி சார்!"

மச்சானை அக்கா தவிர வேறு யாரும் கட்டிப் பிடித்ததாக ரெக்கார்டு இல்லை. (அக்காவும் ஆல்பத்தில் மட்டும்தான்.) மூச்சு வந்ததும் கேட்டார், "அந்தப் பையனோட அப்பா என்ன பண்றாரு?"

"அதெல்லாம் தெரியாது சார். புள்ளய ஆட வுட்டாரு. அது தெரியும்."

மச்சான் அதற்கப்புறம் வெகு நேரம் பேசவில்லை. இரண்டாம் பாதியில் கோவா விழுந்து விழுந்து ஆடியது. அந்த சீஸனில் அதிக கோல் அடித்த கோரோ பந்தைத் தொட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. 90-வது நிமிஷம் ஜேஜே மறுபடியும். 3-0!

காதைத் துளைத்துக்கொண்டு ஒரு விசில். திரும்பினால், பாப்பா சீட் மேல் ஏறி நின்று இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கிறாள். அப்பாவைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டாள்.

"எங்க கத்துக்கிட்ட?" என்றார் மச்சான்.

"உங்ககிட்டதான்ப்பா. மொட்டை மாடியில வடாம் காயும்போது காக்கா ஓட்டுவீங்களே..."

அப்போதுதான் சிரித்தார். முன்வரிசைப் பல் எல்லாம் தெரிந்தது.

(நாலு நாள் கழித்து பெங்களூரில் 3-2 என்று ஜெயித்து சென்னை கோப்பையைத் தூக்கியது. 2015-க்குப் பிறகு இரண்டாவது தடவை. அதை நாங்கள் டி.வி.யில்தான் பார்த்தோம்.)

கோயம்பேட்டில் பஸ் ஏறும்போது மணி பன்னிரண்டு. பாப்பா என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். திண்டிவனம் தாண்டியதும் முன் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"மாப்ளே, அந்த ஃபாரம் எடுத்து வந்திருக்கியா?"

பிளாஸ்டிக் ஃபைலோடு கொடுத்தேன். செல்போன் வெளிச்சத்தில் முதலில் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு முன்பக்கம், வரி வரியாக. "ஹாஸ்டல்ல லேடி வார்டன்தானே?" என்றார். "ஆமா." "கணக்குல எழுபதுக்குக் கீழ போனா மறுநாளே கூட்டிட்டு வந்துடுவேன்." "சரி மச்சான்." மூன்று பேனாவில் ஒன்றை உருவினார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கையெழுத்து விழுந்தேவிட்டது!

நான் விடியற்காலை கடலூரில் இறங்கிக்கொண்டேன். பத்து மணிக்கு முதல் ஆளாகப் படிவத்தை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"சார், இது பேரன்ட் போட்டதா, நீங்க போட்டதா? கிறுக்கினாப்ல இருக்கே. அவர நேர்ல வரச் சொல்லுங்க."

போச்சு என்று நினைத்துக்கொண்டேன். மச்சான் இப்போதுதான் வீடு போய்க் குளித்து, ஆபீஸ் கிளம்பியிருப்பார். பயந்துகொண்டே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பாயின்ட் கரெக்ட்தான் மாப்ளே. வேலை தெரிஞ்ச ஆளு" என்றார்.

இன்னொரு சி.எல். போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் கடலூர் வந்து இறங்கினார். கையில் ரேஷன் கார்டு, ஆபீஸ் அடையாள அட்டை, இரண்டுக்கும் செராக்ஸ் இரண்டிரண்டு காப்பி.