அணைக்கரை ரோல்ஸ்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. பாரையும் சூரையும் விளைமீனும் தின்று வளர்ந்த மன்னார்க்காரர்களும் திருகோணமலைக்காரர்களும் இங்கே வந்து சேர்ந்தபோது அவர்கள் சட்டிக்குக் கிடைத்தது அணை மீன்தான். ஜிலேபி, கட்லா, ரோகு. லேசான சேற்று வாசம், வாய் கொள்ளாத முள். தேங்காய்ப்பால் விட்ட குழம்பில் அந்த மீன் சுலபத்தில் ஒட்டாது. ரோல்ஸுக்குள் போனால் அடங்கிவிடும். மஞ்சள் போட்டு அவித்து, முள்ளைப் பொறுக்கி, மிளகும் பெருஞ்சீரகமும் தாராளமாக விழுந்த பிறகு கடல் மீனா குளத்து மீனா என்று யாரும் கேட்பதில்லை.

தும்பலஅள்ளி, நாகாவதி, கேசர்குளி, சின்னாறு, வாணியாறு. மாவட்ட வரைபடத்தில் இவை அணைகள். இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இவை முகாம்களின் பெயர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கிய வருகை, 1990-ல் ஒரு தடவை, 1990-களின் நடுவில் இன்னொரு தடவை, 2006-க்குப் பின் மறுபடியும் என்று நீண்டது. படகில் வந்து மண்டபம் முகாமில் பதிவானவர்களை அரசு மாநிலம் முழுக்கப் பிரித்து அனுப்பியது. கடலில் வலை வீசிய ஆண்கள் மலையடிவாரத்தில் பெயிண்ட் பிரஷ் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் முகாம் ஆண்களுக்குப் பெயின்டிங் வேலை ஏறக்குறையக் குலத்தொழிலாகவே ஆகிவிட்டது. 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 1,500 ஆனது அந்த ஆண்டில்தான்.

அந்தத் தொகைக்குள் குழந்தைகள் பர்கர் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பேக்கரி இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, கேட்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் முகாம் அம்மாக்கள் இதற்கு மிரளவில்லை. ரொட்டிக்குள் எதையாவது வைத்து மூடுவதும், மாவுக்குள் எதையாவது வைத்துச் சுருட்டுவதும் அவர்களுக்குப் பழைய பாடம்.

இலங்கைத் தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மீன் வைத்த முக்கோணப் பணிஸான மாலுபாண் எல்லாம் ஒரே தட்டில் வரும். தின்றதற்கு மட்டும் காசு. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. வெளிநாட்டு மாவு மலிவாக வந்து குவிந்த காலத்தில் பாண் சோற்றுக்குச் சமமான சாப்பாடாக ஏறி உட்கார்ந்தது. 1980-ல் திருகோணமலை சீனன்குடாவில் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்து ஆலை ஓடத் தொடங்கியதும் மாவு உள்ளூரிலேயே அரைபட்டது. ரோல்ஸுக்கு அங்கே ‘சைனீஸ் ரோல்ஸ்’ என்றும் பெயர் உண்டு. ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் கறித்தூளுமாக இருக்கும் அதைச் சீனர் யாராவது தின்றால் தன் ஊர்ப் பலகாரம் என்று சத்தியமாகச் சொல்லமாட்டார்.

ரோல்ஸ் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மைதாவில் முட்டையும் உப்பும் சேர்த்து, தோசை மாவைவிடத் தளர்வாகக் கரைக்கிறார்கள். கல்லை எண்ணெய்த் துணியால் துடைத்து, மாவை மெல்லிசாக ஊற்றி, கல்லைச் சாய்த்துப் பரப்புகிறார்கள். ஒரு பக்கம் வெந்தால் போதும், திருப்பிப் போடுவதில்லை. ஆறுவதற்குள் கறியை வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து இறுக்கிச் சுருட்ட வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் எண்ணெயில் வாய் பிளந்துகொள்ளும். பிறகு முட்டையில் முக்கி ரஸ்க் தூளில் புரட்டுவது. அந்தத் தூளுக்குக் கடைக்குப் போவதில்லை. விற்காமல் மீந்த பழைய பன்னை மலிவாக வாங்கி, முறத்தில் காயவைத்து நுணுக்கினால் ஆயிற்று. தருமபுரி வெயில் ஒரே பகலில் அதை முறுக்கிவிடுகிறது.

இந்த ரஸ்க் தூள்தான் முதலில் முகாம் வேலியைத் தாண்டியது. அடுத்த ஊர்ப் பெண்களுக்கு வடை சுடத் தெரியும், போண்டா போடத் தெரியும். பொறுபொறுவென்று மேலுறை போட்ட பலகாரம் புதுசு. பதிலுக்கு அவர்கள் தந்தது கொள்ளு. மானாவாரி நிலத்தில் விளையும் கொள்ளு இந்த மாவட்டத்து அடுப்படியில் இல்லாத நாளில்லை. வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு இறுத்துவிட்டு, கொள்ளை ஒன்றிரண்டாக மசித்து, அவித்த உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், ஒரு பிடி முருங்கைக்கீரை சேர்த்துத் தட்டினால் பர்கருக்கான வட்டம் தயார். ஈரம் கூடினால் உடையும். அதற்கு வறுத்துப் பொடித்த நிலக்கடலை. மேலே ரஸ்க் தூள், தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய். மயோனைஸ் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான கடலைச் சட்னி.

“ஏங்க்கா, உடைஞ்சு உடைஞ்சு போகுதே?”

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. ஆறவிட்டுத் தட்டுங்கோ.”

இப்படித்தான் பேச்சு நடக்கிறது. அளவு என்று எதுவும் எழுதிக் கொள்வதில்லை; கைப்பிடிதான் கணக்கு.

மெக்டொனால்ட்ஸ் 1996-ல் டெல்லியில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சியை விட்டுவிட்டே தொடங்கியது. பின்னால் அதற்கு இங்கே பெயர் வாங்கிக் கொடுத்தது உருளைக்கிழங்கு டிக்கி. உலகத்துப் பெரிய கம்பெனியே வட இந்தியத் தெருப் பலகாரத்தைப் பன்னுக்குள் வைத்துப் பிழைத்தது என்றால், நாகாவதிக்காரர்கள் கொள்ளை வைத்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பர்கரைப் போலவே பிள்ளைகளின் நாக்கில் ஏறிய மோமோவின் கதை வேறு. 1959-க்குப் பின் இந்தியாவுக்கு வந்த திபெத்தியர்களோடு அது பரவியது. தருமபுரியிலிருந்து மேற்கே போனால் கர்நாடகத்தின் பைலகுப்பேயில் அவர்களுடைய பெரிய குடியிருப்பே இருக்கிறது. இப்போது ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த வடகிழக்கு இளைஞர்கள் வழியாகவும் தள்ளுவண்டிகளில் வந்துவிட்டது. ஜப்பானில் கியோசாவும் இப்படித்தான் நிலைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள் அங்கே தின்ற சீனக் கொழுக்கட்டையை ஊரில் செய்து விற்றார்கள். உட்சுனோமியா நகரம் இன்றைக்கும் கியோசாவுக்காகத்தான் பிரபலம். போரால் இடம்பெயர்ந்தவர்கள் பூரணம் வைத்த பலகாரத்தை எடுத்துப் போவது தற்செயல் அல்ல என்று தோன்றுகிறது. உறை செய்யும் கைப்பழக்கம் ஒன்று போதும். உள்ளே வைப்பதை எந்த ஊரும் கொடுக்கும்.

யாழ்ப்பாணத்து வழக்கத்தில் குழந்தைக்குப் பல் முளைத்தால் கொழுக்கட்டை அவிப்பார்கள். விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல் வரிசைபோலக் குத்தி வைத்து, குழந்தையை உட்காரவைத்துத் தலையில் கொட்டுவார்கள். ஆடிப்பிறப்புக்கும் கொழுக்கட்டைதான். பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்த மோதகம் வேறு. ஆகவே மோமோவைப் பார்த்ததும் முகாம் பாட்டிமார் உள்ளே இறைச்சி வைத்த கொழுக்கட்டை என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டார்கள். மடிப்பு வைப்பதில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிக்கல் மாவில்தான் வந்தது.

தருமபுரி என்றால் கேழ்வரகு. களி கிண்டாத வீடு அரிது. 2023-ல் இந்த மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். பக்கத்து வீடுகளில் கேழ்வரகு மாவு தாராளமாகப் புழங்க, அதில் மோமோ உறை செய்தால் என்ன என்ற யோசனை எழுந்தது இயல்பு. கேழ்வரகில் கோதுமைக்குள்ள பசைச்சத்து கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்து தேய்த்தால் வெடித்துவிடும். களி கிண்டுகிறவர்களுக்கு இதற்கு வழி தெரியும். கொதிக்கும் தண்ணீரில் உப்பும் சொட்டு எண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். களியில் நொய் போடுவார்கள், இதில் கூடாது, உறையைக் கிழித்துவிடும்.

அப்படியும் மடிப்பு வைக்கும் இடத்தில் வெடிப்பு விட்டது. அதற்கான மருந்து கனடாவிலிருந்து வந்தது.

முகாமில் இருக்கும் பல குடும்பங்களுக்கு டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் உறவுக்காரர்கள் உண்டு. அங்கே தமிழ்க் கடைகளில் ரோல்ஸ் டஜன் கணக்கில் விற்கிறது. சீனக் கடைகளும் பக்கத்திலேயே. சீனர்கள் இறால் வைத்துச் செய்யும் ஹார் கௌ என்ற கொழுக்கட்டையின் உறை கண்ணாடி மாதிரி இருக்கும். கோதுமையிலிருந்து பிரித்த மாச்சத்தோடு மரவள்ளி மாவும் சேர்வதால் வரும் பளபளப்பு அது, இழுவையும் அதனால்தான். வாட்ஸ்அப்பில் அங்கிருக்கும் ஒரு சித்தி சொன்னது இதைத்தான்: சீனக் கடையில் மரவள்ளி மாவு வாங்கிக் கொஞ்சம் கலந்து பார்.

சீனக் கடைக்கு எங்கே போவது? போக வேண்டியதே இல்லை. வாணியாறு அணைக்குப் பக்கத்துப் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரங்களில் மரவள்ளி வயல் வயலாக நிற்கிறது. சேலம், தருமபுரிப் பகுதிதான் நாட்டின் ஜவ்வரிசிக்கும் மரவள்ளி மாவுக்கும் தலைநகரம். அந்தத் தொழிலும் ஒரு போரில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1981-ல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. முகாம்காரர்கள் அதுவரை கிழங்கை அவித்துச் சம்பலோடு தின்றார்களே தவிர, மாவாக வாங்கியதில்லை.

மூன்று பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு மரவள்ளி மாவு. கொதிநீர் விட்டுக் கிளறிப் பிசைந்தால் உறை வளைகிறது, வெடிப்பதில்லை. நிறம் மட்டும் ஈரமண் நிறம். வெள்ளை மோமோ பார்த்துப் பழகிய பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். உள்ளே முட்டைக்கோஸ், காரட், கோழி. கையில் காசில்லாத வாரம் கொள்ளும் கீரையும். இட்லிச் சட்டியில் துணி விரித்துப் பத்து நிமிடம். தொட்டுக்கொள்ளக் காய்ந்த மிளகாயும் பூண்டும் தக்காளியும் அரைத்த சட்னி. பாலக்கோடு தக்காளி மண்டியில் விலை சரிந்து விவசாயிகள் புலம்பும் நாட்களில் அது வாளிக்கணக்கில் அரைபடும்.

இதையெல்லாம் ஒற்றுமைக்கு உதாரணமாகக் காட்டி விழா எடுப்பது சுலபம். ஆனால் 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. இலங்கை அதில் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாம் வகுப்பு எழுதி, தருமபுரி வட்டாரத் தமிழே பேசும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது. கொள்ளு பர்கர் நன்றாக இருப்பதால் அந்தக் கணக்கு நேராகிவிடாது. பலகாரம் கைமாறுவதற்குக் காகிதம் தேவைப்படவில்லை, அவ்வளவே.

கேழ்வரகு மோமோவைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் தீரவில்லை. ஆவியில் வெந்ததே போதும் என்கிறார்கள் ஊர்ப் பெண்கள். களி தின்று பழகிய நாக்கு. ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்காமல் இதை எப்படித் தின்பது என்பது முகாம் கட்சி. எண்ணெய் விற்கிற விலையில் ஆவிக்குத்தான் இப்போதைக்கு ஓட்டு அதிகம். பிள்ளைகள் இரண்டையும் தின்றுவிட்டு, அடுத்த தடவை சீஸ் வைக்கலாமா என்று கேட்கிறார்கள்.