அக்கரையில் ஓர் எண்ணெய்க் குளியல்

பினாங்கு என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கொடிமலை, தண்ணீர்மலை முருகன், நாசி கண்டார், வீடு திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் ஜாதிக்காய். எல்லாமே தீவில் இருப்பவை. பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் செபராங் ஜெயாவை யாரும் சுற்றுலாப் பட்டியலில் சேர்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் பறப்பவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

நான் ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, அங்கே போகிறேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்க.

சிரிக்காதீர்கள். முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலாயில் ‘செபராங்’ என்றால் எதிர்க்கரை, நம் பேச்சில் அக்கரை. ‘ஜெயா’வுக்கு விளக்கம் தேவையில்லை, நம் ஜெயம்தான். வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு ‘அக்கரை’ கொஞ்சம் பயமுறுத்தும் சொல். நாக்கு சற்றே அழுத்தினால் அது ‘அக்கறை’ ஆகிவிடும். அடுத்த நிமிடமே நேயர் ஒருவர் அழைத்துத் திருத்துவார்.

1970களில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய புதுநகர் இது. பக்கத்தில் பிறை தொழிற்பேட்டை. அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும், பள்ளி வேண்டும், கடை வேண்டும்; அப்படி வளர்ந்த ஊர். சாலைகளுக்கு மீன்களின் பெயர். தெங்கிரி சாலை, தோடாக் சாலை என்று வழி கேட்டுக்கொண்டு போனால் மீன் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 1988இல் திறந்த பறவைப் பூங்கா ஐந்து ஏக்கரில் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியான வெயிலில் பறவைகளும் தூங்கும், பிள்ளைகளும் சிணுங்கும். துன் உசேன் ஓன் சாலையில் கருமாரியம்மன் ஆலயத்தின் இராஜகோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். 2007இல் வந்த சன்வே கார்னிவல் பேரங்காடி இன்றைய இளசுகளின் கூடாரம். இவ்வளவுதான் ஊர்.

ஆனால் எங்கள் ஆறு பேருக்கு இதைவிட வசதியான ஊர் வடக்கில் கிடையாது. கூலிமிலிருந்து வருகிறவளுக்கு விரைவுச்சாலை நேரே இங்கே கொண்டுவந்து விடும். சுங்கை பட்டாணிக்காரி வடக்கிலிருந்து இறங்குவாள், தைப்பிங்காரி தெற்கிலிருந்து ஏறுவாள். நான் கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஒரு கிரேப் கார் பிடிப்பேன். தீவிலிருந்து பாலிக் புலாவ்காரி பாலம் கடந்து வருவாள். பாலத்தில் தீவுக்குப் போகும் பக்கம் மட்டும்தான் டோல். வருவது இலவசம், திரும்பிப் போகத்தான் காசு. “நீங்க என்னைய இங்கேயே வெச்சுக்கிட்டா டோல் காசு மிச்சம்” என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வாள். ஒவ்வோர் ஆண்டும் சிரிக்கிறோம். ஊர்ப் பெயரே ‘தீவுக்குத் திரும்பு’ என்று இருக்கும்போது அவளை யார் வைத்துக்கொள்வது?

நாள் ஏன் சனிக்கிழமை? கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் பேராவிலும் சனியும் ஞாயிறும். எல்லாருக்கும் பொதுவாக அகப்படுவது சனி ஒன்றுதான். பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரியவர்கள் சம்பளத்தில் வெட்டு வாங்காத காலத்தில் சொன்னது.

நான் ஊர்ப் பெயராகவே சொல்லிக்கொண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். எங்களுக்குள் அப்படித்தான். 2006இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல்சாதனம் படிக்கச் சேர்ந்தபோது, விடுதியில் எங்கள் மாடியில் ஒரே பெயரில் மூன்று தமிழ்ப் பெண்கள். மூன்றாம் ஆண்டில் இருந்த பாரிட் புந்தார் அக்கா, “இனிமே ஊர் பேருதான்” என்று முடிவு சொல்லிவிட்டார். அன்று முதல் நான் ஈப்போ. என் கல்யாண அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, “யாருடி இது?” என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

மிண்டன் வளாகம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் இராணுவ முகாமாக இருந்த இடம். மழைமரங்களின் நிழலும் மேடுமாக, முதல் வாரம் எந்தப் பக்கம் போனாலும் வழி தப்பும். அந்த வாரத்தில் ஒவ்வொரு புது மாணவிக்கும் ஓர் அக்கா கிடைப்பார். மலாய்த் தோழிகள் ‘காக்காக் அங்காட்’ என்பார்கள். அக்கா தருவது மூன்று: பழைய தேர்வுத்தாள்கள், எந்த விரிவுரையாளரிடம் எப்படிப் பேசவேண்டும் என்ற இரகசியம், ஒரு வாளி. பொதுக் குளியலறையில் வாளி இல்லாதவள் பாதி மனுஷிதான். எனக்கு வந்தது சிவப்பு வாளி. அடியில் அழியாத மையில் ஊர்ப் பெயர்கள்: சித்தியவான், சிகாமாட், பாரிட் புந்தார். நான்காவதாக ஈப்போ என்று எழுதிக்கொண்டேன். எனக்குப் பிறகு அது இரண்டு கை மாறி, பிடி உடைந்ததும், தூக்கிப் போட மனமில்லாமல் ஒரு தங்கை அதை அக்காவிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தகைய சகோதரிச் சங்கங்களுக்கு ‘சொராரிட்டி’ என்று பெயர். கிரேக்க எழுத்துகளில் பெயர், தனி நிறம், தனிக் கூவல், இரகசியச் சடங்கு. ஜார்ஜியா மாநிலத்தின் வெஸ்லியன் கல்லூரியில் 1851இலேயே ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். கறுப்பினப் பெண்களின் முதல் சங்கமான ‘ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா’ 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தமிழ்த் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் அங்கே படித்தபோது அதில் சேர்ந்தவர். அவர் கழுத்தில் அடிக்கடி பார்க்கும் முத்துமாலை சும்மா அழகுக்கு மட்டுமல்ல. அந்தச் சங்கத்தை நிறுவிப் பதிவு செய்த 20 பெண்களை ‘இருபது முத்துகள்’ என்றே அழைக்கிறார்கள். 1998இல் டெக்சஸில் தெற்காசியப் பெண்களும் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

எங்களுக்கு முத்து கிடையாது, வாளிதான்.

மூத்தவர்கள் இளையவர்களுக்கு எதைக் கைமாற்றுகிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல. ராகிங் என்ற பெயரில் கொடுமையும் கைமாறும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான், 1997இல் தமிழ்நாடு அதற்கெதிராகத் தனிச் சட்டமே போட்டது. எங்கள் மாடியில் கைமாறியது எண்ணெய்.

தீபாவளி விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் புறப்படும் முன், ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அக்காமார் தங்கைமார் தலையில் எண்ணெய் வைப்பார்கள். விடுதியில் அடுப்பு மூட்டக்கூடாது. கெட்டிலில் வெந்நீர் போட்டு, ஒரு கோலேயில் ஊற்றி, அதற்குள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தை இறக்கிச் சூடு காட்டுவார் அக்கா. நாலு மிளகு போட்டுக்கொள்வார். எங்கே கிடைத்ததோ, ஒரு பலகை. அதில் வரிசையாக உட்காரவேண்டும். உச்சியில் மூன்று முறை எண்ணெய் தொட்டு வைத்து, அவருக்குத் தெரிந்த வாழ்த்தைச் சொல்வார். “நல்லா இரு, அசைன்மென்ட்ட நேரத்தோட அனுப்பு.”

அந்த ஆண்டு நோன்பு மாதமும் தீபாவளியும் ஒட்டி வந்தன. தீபாவளி அக்டோபர் 21, நோன்புப் பெருநாள் 24. அதனால் நாங்கள் எண்ணெய்த் தலையோடு நின்ற அதே நான்கு மணிக்கு மலாய்த் தோழிகள் சஹூர் சாப்பிட எழுந்திருந்தார்கள். எங்கள் தலையைப் பார்த்து ஒருத்தி அலற, அப்புறம் விஷயம் தெரிந்து அவளும் கொஞ்சம் வைத்துக்கொள்ள, சீயக்காய்த்தூள் கண்ணில் பட்டு அழ, வார்டன் எழுந்து வர, அது தனிக் கதை.

அம்மா இல்லாத ஒருத்தி எங்கள் கூட்டத்தில் இருந்தாள். தைப்பிங். எட்டு வயதுக்குப் பிறகு தன் தலையில் வேறு யாரும் எண்ணெய் வைத்ததில்லை என்று அன்றைக்குச் சொன்னாள். அக்கா ஒன்றும் பேசாமல் அவளுக்கு மட்டும் இன்னொரு முறை வைத்தார்.

தைப்பூசத்துக்கு முந்திய இரவு இரதத்தின் பின்னால் நடப்பது, தண்ணீர்மலைப் படிகள் ஏறுவது, தேர்வு முடிந்த இரவு எல்லார் மெகியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டித் தின்பது என்று மற்ற வழக்கங்களும் இருந்தன. படிப்பு முடிந்ததும் அவை உதிர்ந்துபோயின. எண்ணெய் மட்டும் நின்றது. அக்கா கல்யாணமாகி செபராங் ஜெயாவில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்த பிறகு, அந்த வீடே எங்கள் விடுதி ஆயிற்று. பிள்ளைகளையும் கணவன்மாரையும் விட்டுவிட்டு ஆறு பேர் கூடுவோம். அக்கா கணவர் காலையிலேயே தோசைமாவு வாங்கி வைத்துவிட்டு, “உங்க மாநாடு முடியட்டும்” என்று நண்பர் வீட்டுக்குப் போய்விடுவார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர்.

போன ஆண்டுக்கு முந்திய ஆண்டு ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். தூக்கத்திலேயே. வயது 45.

அந்தத் தீபாவளி அவர்கள் வீட்டில் இல்லை, எங்களுக்கும் இல்லை. போன ஆண்டு, நாள் நெருங்க நெருங்க, எங்கள் வாட்சாப் குழுவில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் அக்காவே எழுதினார்: “எல்லாரும் வாங்க. சாப்பாடு நான் பார்த்துக்கிறேன். எண்ணெய் மட்டும் இந்தத் தடவை எஸ்.பி. வைக்கட்டும்.”

எஸ்.பி. என்றால் சுங்கை பட்டாணி. எங்களில் அடுத்த மூத்தவள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் விளக்கம் தேவையில்லை. கணவனை இழந்தவள் கையால் எண்ணெய், குங்குமம், ஆரத்தி எதுவும் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. அவளே ஒதுங்கிக்கொள்வாள், மற்றவர்கள் பார்க்காதது போல் இருப்பார்கள். வானொலியில் வாரத்துக்குப் பத்து முறையாவது ‘மங்களகரமான’ என்ற சொல்லைச் சொல்கிறேன். அது யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது என்று சொல்லும்போது தெரிவதில்லை.

அதிலும் ஒரு சிக்கல். தைப்பிங்குக்கு 38 வயதில் கல்யாணம் கூடி வந்திருந்தது. தை மாதம் முகூர்த்தம். அவளை வளர்த்த பெரியம்மா தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: போ, சாப்பிடு, ஆனால் தலையில் எண்ணெய் வைத்துக்கொள்ளாதே. அவர் கெட்டவர் இல்லை. தாயில்லாத பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்ற பயம். இதை வரும் வழியில் தைப்பிங் எனக்கு மட்டும் சொன்னாள். நான் “நீ என்ன செய்யப் போற?” என்றேன். பட்டர்வொர்த் நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தவள், பாதையையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

கூடத்தில் பலகை போட்டிருந்தது. அக்கா அடுப்பங்கரையில் இருந்தார். எஸ்.பி. எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிர யாரையும் உட்காரச் சொல்லவில்லை. தைப்பிங் நேராகப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள், அடுப்பங்கரை வாசலைப் பார்த்து. “அக்கா, வாங்க.”

“எஸ்.பி. இருக்கால்ல.”

“அவ கை கனம். நீங்க வைங்க.”

“உனக்குக் கல்யாணம்டி.”

“அதனாலதான் முதல்ல உக்காந்திருக்கேன்.”

அக்கா வரவில்லை. கரண்டி சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. பாலிக் புலாவ் தைப்பிங்குக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் கூலிம். நானும் உட்கார்ந்தேன். எஸ்.பி. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கால் மரத்துப்போகிற அளவு நேரம்.

உள்ளறையிலிருந்து அக்காவின் மாமியார் வந்தார். எழுபதைத் தாண்டியவர், மகனைப் பறிகொடுத்தவர், அவரும் நெற்றியில் வெறும் திருநீறுதான். எங்களைப் பார்த்தார். குனிந்து கிண்ணத்தை எடுத்து, விரல் விட்டுப் பார்த்துவிட்டு, அடுப்பங்கரைக்குள் நீட்டினார். “எண்ணெய் ஆறிப்போச்சு. கொஞ்சம் சூடு பண்ணி எடுத்துக்கிட்டு வா. பிள்ளைங்க எவ்ளோ நேரம் உக்காந்திருக்கும்?”

அக்கா வந்து வைத்தார். தைப்பிங்குக்கு இரண்டு முறை. வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. என் முறை வந்தபோது மட்டும், “உன் காலை நிகழ்ச்சில பாட்டு கம்மி, பேச்சு ஜாஸ்தி” என்றார்.

வீட்டில் குளியலறை இரண்டுதான். வேலைக்குப் போகிறவள், தொலைவிலிருந்து வந்தவள், கல்யாணப் பெண் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வரிசையில் முண்டினோம். பின்வாசல் குளியலறையில் குழாயின் கீழே அந்தச் சிவப்பு வாளி, உடைந்த பிடிக்குப் பதிலாக நைலான் கயிறு கட்டி. தோசை தீயும் வாசனை வந்தது. யார் பார்த்துக்கொள்வது என்று உள்ளே இருந்து ஒருத்தி கத்த, எண்ணெய் வழியும் தலையோடு கூலிம் அடுப்பங்கரைக்கு ஓடினாள்.