ஃபேனுக்குள் மின்நிலையம் எதற்கு?

டேபிள் ஃபேன் வாங்கினால் அதோடு ஒரு மின்நிலையத்தையும் சேர்த்து யாரும் வாங்குவதில்லை. கரன்ட் வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறதா, வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வருகிறதா என்று ஃபேன் கேட்பதும் இல்லை. பிளக்கைச் செருகினால் சுற்றும், அவ்வளவுதான். அதனால்தான் ஒரே ஃபேன் எந்த வீட்டிலும் ஓடுகிறது.

சாஃப்ட்வேர்காரர்கள் இந்த யோசனைக்கு வைத்திருக்கும் பெயர் 'டிபெண்டன்ஸி இன்ஜெக்‌ஷன்'. 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை ஒன்றுதான் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது. பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிது: ஒரு நிரல் தனக்குத் தேவையானதைத் தானே தயாரித்துக்கொள்ளக் கூடாது, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொன்னேரியில் வசிக்கும் 24 வயதுப் பெண் ஒருவருக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த வார்த்தையாகத்தான் இருந்தது, ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கில் அதைச் சந்திக்கும்வரை.

குறைந்துபோன ஒரு மணி நேரம்

அவர் வேலை பார்ப்பது, தொழிற்சாலைகளுக்கு வருகைப் பதிவு வெப்சைட் செய்துதரும் சிறிய அலுவலகத்தில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு யூனிட்டுக்காகச் செய்த பக்கத்தை, திருவள்ளூர் காக்களூரில் இருக்கும் இன்னொரு யூனிட்டிலும் போட்டிருந்தார்கள். வேலை நேரத்தையும் ஓ.டி.யையும் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று அதில் உண்டு. ஒரு முறை செய்து பல பக்கங்களில் வைக்கும் இதுபோன்ற திரைத் துண்டுகளை 'காம்போனென்ட்' என்பார்கள்.

காக்களூரில் பயிற்சி கொடுக்கப் போனவரிடம் ஒரு தொழிலாளி போனை நீட்டினார். "ஏம்மா, காலைல ஆறுக்கு வந்தேன், சாயங்காலம் நாலுக்குத்தான் போனேன். ஓ.டி. ரெண்டு மணி வரணும். இதுல ஒண்ணுன்னு காட்டுதே?"

"பார்த்துச் சொல்றேண்ணா" என்றார் இவர்.

காரணம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கும்மிடிப்பூண்டி யூனிட்டில் முதல் ஷிஃப்ட் மதியம் 3 மணிக்கு முடியும். அந்த 3 மணியைப் பெட்டிக்குள் எழுதியே வைத்துவிட்டார்கள். காக்களூரில் ஷிஃப்ட் 2 மணிக்கே முடிந்துவிடும். அங்கும் பெட்டி 3 மணியிலிருந்துதான் ஓ.டி.யை எண்ணியது. மிகைநேர வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. ஆக, தொலைந்தது ஒரு மணி நேரம் அல்ல, இரண்டு மணி நேரக் கூலி.

காப்பி அடித்தால் போதாதா?

பெட்டியை ஒரு காப்பி எடுத்து, 3-ஐ 2 ஆக்கினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும் என்றார்கள் அலுவலகத்தில். மூன்றாவது தொழிற்சாலை வந்தால் மூன்றாவது காப்பி. ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால் மூன்று இடத்திலும் திருத்த வேண்டும். ஓர் இடத்தை மறந்தால் யாரோ ஒருவருக்குச் சம்பளம் குறையும்.

அவர் வேறு வழியில் போனார். பெட்டியிலிருந்து ஷிஃப்ட் நேரத்தையே எடுத்துவிட்டார். "ஷிஃப்ட் நேரம் சொல்லும் ஒருவர் எனக்கு வேண்டும்" என்று கேட்பது மட்டும்தான் இப்போது பெட்டியின் வேலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தன் நேரத்தைத் தரும், காக்களூர்ப் பக்கம் தன்னுடையதைத் தரும். பெட்டி ஒன்றுதான்.

இதற்கு அவர் பயன்படுத்தியது கூகுளின் ஆங்குலர். 2010-இல் வந்த ஆங்குலர் ஜே.எஸ். காலத்திலிருந்தே இந்த வசதி அதில் உண்டு. பக்கத்துக்குள் அட்டவணை, அட்டவணைக்குள் வரிசை, வரிசைக்குள் பெட்டி என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் நேரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே அனுப்பத் தேவையில்லை. பெட்டி கேட்டால், தனக்கு மேலே மிக அருகில் யார் தர முடியுமோ அவரிடமிருந்து வரும். ரியாக்ட்டில் 'கான்டெக்ஸ்ட்', வியூவில் 'ப்ரொவைட் - இன்ஜெக்ட்' என்று இதற்கு நெருக்கமான வசதிகள் இருக்கின்றன.

சோதனையும் சுலபமானது. ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்காமல், 'காலை 10 மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது' என்று பொய் நேரம் ஒன்றைக் கொடுத்துப் பெட்டி சரியாக எண்ணுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் இது வேண்டாம்

'சேமி' என்று காட்டும் சாதாரண பட்டனுக்கு இந்த ஏற்பாடு அதிகம். அந்த எழுத்தை நேரடியாகக் கொடுத்துவிடலாம். எல்லாமே வெளியிலிருந்து வந்தால், எது எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். இடத்துக்கு இடம் எது மாறுகிறதோ, அதை மட்டும் வெளியில் வைத்தால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. நேரத்தைத் தர யாருமே இல்லையென்றால் ஆங்குலர் பிழை காட்டி நின்றுவிடும். நின்றுபோன பக்கத்தை அன்றைக்கே யாராவது கவனிப்பார்கள். தவறான நேரத்தை வைத்துக்கொண்டு அமைதியாக ஓடும் பக்கத்தை, சம்பளம் குறைந்த ஒருவர் வந்து கேட்டால்தான் தெரியும்.

காக்களூரில் பதிவான உள்ளே, வெளியே நேரங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பழைய நாட்களின் ஓ.டி. புதிய பெட்டியில் மறுபடி கணக்கிடப்பட்டு, அடுத்த சம்பளத்தில் சேர்ந்தது.